பௌர்ணமிக்கு வேண்டாம், புதன்கிழமை வாருங்கள்!

"அக்கா, வர்ற பௌர்ணமிக்கு நாங்க ஏழு பேர் வர்றோம். உங்க வீட்டு மொட்டை மாடியில ஒரு ஓரமா படுத்துக்கிறோம். நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம்."

திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் இந்த டெலிபோன் புதிதல்ல. 'சிரமப்பட வேணாம்' என்றால் என்ன அர்த்தம் என்பது இல்லத்தரசிகளாகிய உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் நாளே நாலு படி அரிசிக்கு இட்லி மாவு. கையில் கட்டிக்கொடுக்கப் புளியோதரை. நடுராத்திரி நடந்து வந்தவர்கள் கால் வைக்க உப்புப் போட்ட வெந்நீர். குடிக்கச் சுக்குக் காபி. விடிந்ததும், "வர்றோம் அக்கா, அருமையான தரிசனம்" என்று அவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். நான் பாய், தலையணை உறைகளையெல்லாம் ஊற வைப்பேன்.

இப்படி இருபத்திரண்டு வருஷம். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட முழுசாகக் கிரிவலம் போனதில்லை. "நடக்கிறவங்களுக்கு இட்லி வார்த்த புண்ணியம் உனக்குத்தான்" என்று என் கணவர் கேலி செய்வார். நானும் சிரித்துவிட்டு அடுத்த ஈடு ஊற்றப் போய்விடுவேன்.

என்னை இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வைத்தது என் அம்மா.

அம்மாவுக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். கண்ணுக்கு எட்டின வரை வயல்தான். மண்மேடு தவிர வேறு மேடு பார்க்காத ஊர். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு இங்கே வருவாள். வந்ததும் நேராகச் சமையலறைக்குள் நுழைந்து அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொள்வாள். பந்தி பந்தியாக விருந்தாளிகள். தீபம் ஏற்றும் நேரம் மட்டும் ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி மாடிக்கு ஓடி வந்து கும்பிட்டுவிட்டு, "சாம்பார் அடிப்பிடிச்சிடும்டி" என்று இறங்கிவிடுவாள். அத்தனை முறை வந்தும் அம்மா இந்த மலையைப் பார்த்தது பெரும்பாலும் சமையலறை ஜன்னல் வழியாகத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று. அடுத்த மாசி மாதம், விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினாள்.

"புதுக் கண்ணு வந்திருக்குடி. உன் மலையைக் காட்டு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "முழங்கால் வேற தேய்ஞ்சுக்கிட்டே வருதாம். டாக்டர் சொல்றார். அதுக்குள்ள ஒரு தடவை சுத்திடணும்" என்றாள்.

இதை அம்மா இருபது வருஷமாக மனசில் வைத்திருந்திருக்கிறாள். நான் ஒரு தடவையும் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. அத்தையிடம் போய் நின்றேன். "போய்ட்டு வாம்மா. ரெண்டு நாளைக்கு நான் பார்த்துக்கறேன், ரசமும் அப்பளமும் போதும்" என்றார்கள். மறுநாள் புதன்கிழமை காலை நாலரை மணிக்கு நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

அந்த நாலு நாளில் நான் தெரிந்துகொண்டதைத்தான், இந்த ஊருக்கு நீங்கள் ஏன் வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதல் காரணம்: இந்த மலை

எல்லா ஊரிலும் மலைமேல் சாமி இருக்கும். இங்கே மலையே சாமி. பஞ்சபூதத் தலங்களில் இது அக்கினித் தலம். 2,668 அடி உயரம். அதைச் சுற்றி வரும் பாதை 14 கிலோமீட்டர். எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள்: இந்திரன், அக்கினி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். வழியில் ஆங்காங்கே நந்திகள் இருக்கின்றன. நன்றாகக் கவனித்துப் பாருங்கள், அவை மலையைப் பார்த்தே உட்கார்ந்திருக்கும். அம்மாதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். "பார்த்தியா, மாட்டுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு எது சாமின்னு!"

பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான பேர் நடக்கும்போது முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். புதன்கிழமை விடியற்காலையில் மலை தெரிகிறது. செங்கம் சாலையில் இருட்டாக ஒரு பெரிய யானை படுத்திருப்பது போல இருந்தது. அந்தச் சாலையை விட்டு வலது பக்கம் திரும்பி நிருதி லிங்கம் போவதற்குள் வெளுத்துவிட்டது. ஒரு இடத்தில் ஒற்றை முடியாகத் தெரிகிற மலை, கொஞ்சம் தள்ளி இரண்டாகத் தெரிகிறது. குபேர லிங்கம் தாண்டினால் ஐந்து முகம் என்று காட்டுகிறார்கள்.

ஒரு காலத்தில் இந்த மலை மொட்டையாகக் கிடந்ததாக அத்தை சொல்வார்கள். 1980களின் கடைசியிலிருந்து தன்னார்வத் தொண்டர்களும் வனத்துறையும் மரம் நட்டு, கோடையில் தீப்பிடிக்காமல் காவல் காத்து, இன்று அடிவாரம் பச்சையாக இருக்கிறது. மயில் கத்துகிற சத்தம் கேட்டு அம்மா சின்னப் பெண் மாதிரி நின்றுவிட்டாள்.

ஆதி அண்ணாமலை கோயில் பாதி வழியைத் தாண்டி வருகிறது. அங்கே போவதற்குள் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. "நடந்துடுவேன்" என்று பிடிவாதம். நான் சம்மதிக்கவில்லை. கோயிலில் கும்பிட்டுவிட்டு, வாசலில் டீ குடித்து, வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு (கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அம்மாவுக்கு அந்தப் பேரைக் கேட்டு ஒரே சிரிப்பு) ஆட்டோவில் வீடு திரும்பினோம். மறுநாள் காலை அதே ஆதி அண்ணாமலைக்கு ஆட்டோவில் போய் இறங்கி, விட்ட இடத்திலிருந்து தொடங்கி ஈசானிய லிங்கம் வரை நடந்து முடித்தோம்.

"ரெண்டு தவணையில முடிச்சா சாமி ஏத்துக்குமா?" என்று அம்மா கேட்டாள். வீட்டில் கடனெல்லாம் தவணையில் கட்டிப் பழகிய நமக்குச் சாமி அதைக்கூடவா அனுமதிக்காது? ஏற்றுக்கொள்ளும் என்று நானே அடித்துச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது: ஒரு பெண் கட்டிய கோபுரம்

வெள்ளிக்கிழமை பெரிய கோயில். சுமார் 25 ஏக்கர் பரப்பு. கிழக்கே ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. விஜயநகரத்து கிருஷ்ணதேவராயர் 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. உள்ளே ஆயிரங்கால் மண்டபம், அதிலே பாதாள லிங்கம், அருணகிரிநாதருக்கு முருகன் காட்சி கொடுத்த கம்பத்து இளையனார் சந்நிதி எல்லாம் இருக்கின்றன. இதையெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்வார்.

நான் உங்களை அழைத்துப் போக விரும்புவது வடக்கு வாசலுக்கு. அங்கே நிற்கிற 171 அடிக் கோபுரத்தின் பேர் அம்மணி அம்மன் கோபுரம். செங்கம் பக்கத்தில் சென்னசமுத்திரம் என்ற கிராமத்தில் பிறந்த ஒரு பெண், துறவியாகி இந்த ஊருக்கு வந்து, வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி, இருநூறு வருஷத்துக்கும் மேலே ஆகிறது, இந்தக் கோபுரத்தைக் கட்டி முடித்தார். கூலி கொடுக்கப் பணம் இல்லாத நாளில் ஆட்களுக்கு விபூதியை அள்ளிக் கொடுப்பாராம், வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் அவரவர் உழைப்புக்கு ஏற்ற காசாக இருக்குமாம். இது ஐதீகம்.

ஐதீகத்தை விடுங்கள். வெளி மதிலில் நாலு பெரிய கோபுரங்கள். கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம். கட்டியவர் பேரையே தாங்கி நிற்பது வடக்குக் கோபுரம் மட்டும்தான். அது ஒரு பெண்ணின் பேர். ராஜாவிடம் கஜானா இருந்தது. அம்மணி அம்மாளிடம் இருந்தது நாலு வாசல் ஏறி இறங்கும் கால்கள். மாதக் கடைசியில் வீடு நடத்துகிற நமக்கு அந்தக் கஷ்டம் புரியும் இல்லையா?

இத்தனை வருஷம் அந்த வாசல் வழியாகப் பூ வாங்கப் போயிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. அம்மா கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

மூன்றாவது: நம் வீட்டைப் போல ஒரு சாமி

இங்கே அம்பாளுக்கு உண்ணாமுலை அம்மன் என்று பேர். பாலூட்டும் இளம் தாய்மார்கள் பிள்ளையோடு வந்து இந்தச் சந்நிதியில் நிற்பதை எந்த நாளும் பார்க்கலாம்.

சாமிக்கும் அம்பாளுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை சண்டை வரும். தை மாதம் இரண்டாம் தேதி, மாட்டுப் பொங்கலன்று, திருவூடல் திருவிழா. பிருங்கி முனிவர் ஐயனை மட்டும் வணங்கி அம்பாளை ஒதுக்கினார், அவருக்கு ஐயன் அருள் செய்யப் போனார் என்று அம்மனுக்குக் கோபம். திருவூடல் தெருவிலேயே இரண்டு பேருக்கும் ஊடல் நடக்கும். அம்மன் விறுவிறுவென்று கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஐயன் அன்று இரவு வெளியே குமரக் கோயிலில் தங்க வேண்டியதுதான்! மறுநாள் தனியாக மலையைச் சுற்றி, பிருங்கிக்குக் காட்சி கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் மறுவூடல், சமாதானம். இதைப் பார்க்கிற பெண்கள் கூட்டத்தில் கேட்கிற சிரிப்பு இருக்கிறதே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்து ஆண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரை இங்கே வல்லாள மகாராஜா என்பார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை என்பது ஐதீகம். அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்தன்று சாமி பள்ளிகொண்டாப்பட்டு என்ற ஊருக்கு எழுந்தருளி, ஒரு மகன் அப்பாவுக்குச் செய்வது போல அவருக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளை இல்லையே என்று மனசு புழுங்குகிறவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. அறிவுரை சொல்வதைவிட அது நல்லது.

நான்காவது: மகனைத் தேடி வந்த தாய்

சனிக்கிழமை ரமணாசிரமம் போனோம். செங்கம் சாலையில்தான் இருக்கிறது. ரமண மகரிஷியைப் பற்றிப் பலருக்குத் தெரியும். அவருடைய தாயார் அழகம்மாளைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

கணவரை இழந்தவர். நடுப்பிள்ளை வெங்கடராமன் பதினாறு வயதில், அண்ணனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு மதுரையை விட்டு வந்துவிட்டார். திருவண்ணாமலை வந்து சேர்ந்தது 1896 செப்டம்பர் 1. இரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1898 டிசம்பரில், பவழக்குன்றில் மகன் இருப்பது தெரிந்து தாயார் ஓடி வந்தார். சடையும் அழுக்குமாக உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து நாள் கணக்கில் அழுதார், வீட்டுக்கு வா என்று கெஞ்சினார். மகன் வாய் திறக்கவில்லை. நடப்பது நடந்தே தீரும் என்ற கருத்தில் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாய் தனியாக ஊர் திரும்பினார்.

பிறகு 1916-இல் மகனோடேயே இருந்துவிடுவது என்று வந்து சேர்ந்தார். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்க ஆரம்பித்தவர் அவர்தான். அதுவரை பிட்சை எடுத்து வந்ததையும், அடியார்கள் கொண்டுவந்து கொடுத்ததையும்தான் எல்லாரும் சாப்பிட்டு வந்தார்கள். அப்படிக் கொண்டுவந்தவர்களில் எச்சம்மாள் என்று ஒரு அம்மாள். கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். முப்பது வருஷத்துக்கு மேல், சாகும் வரை, மகரிஷிக்குத் தினமும் சாப்பாடு எடுத்துப் போனார்.

அழகம்மாள் 1922 மே 19-இல் காலமானார். மலை அடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். மலைமேல் இருந்த மகன் அந்தச் சமாதிக்கு அடிக்கடி இறங்கி வந்து, கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் தேடி வருகிற இன்றைய ஆசிரமம் அந்தத் தாயின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான். மாத்ருபூதேஸ்வரர் சந்நிதி அதுவே. 1949-இல் கும்பாபிஷேகம் ஆயிற்று. மறு வருஷம் ஏப்ரல் 14-இல் மகரிஷியும் காலமானார்.

ஆசிரமத்துக்குப் பின்னாலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குக் கல் பாவிய பாதை இருக்கிறது. அம்மாவால் ஏற முடியாது. "நீ போய்ப் பாரு, நான் இங்கேயே இருக்கேன்" என்று சந்நிதியில் ஒரு தூணோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் என் மகளோடு ஏறினேன். மேலே ஒரு திருப்பத்தில் ஊர் முழுசும் தெரிகிறது. நாலு பெரிய கோபுரமும், உள் கோபுரங்களும், பிராகாரங்களும் கோலம் போட்டு வைத்தது போல அடக்கமாக இருக்கின்றன. எங்கள் தெருவைத் தேடினேன். நான் இருபத்திரண்டு வருஷம் நின்று சமைத்த வீடு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. ஏனோ மனசு லேசாயிற்று.

இறங்கி வந்தபோது அம்மா அதே தூணோரம்தான் இருந்தாள். "நாள் முழுக்க இங்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க போலிருக்கே. சமையலுக்கு நேரமாச்சுன்னு ஒருத்தர்கூடக் கூப்பிடலை" என்றாள். அம்மா அப்படி ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

தீபம் பார்க்க வேண்டாமா?

கட்டாயம் பார்க்க வேண்டும், வாழ்நாளில் ஒரு தடவையாவது. விடியற்காலை நாலு மணிக்குப் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷம் மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அதே நொடியில் மலை உச்சியில் மகா தீபம். ஆள் உயரச் செப்புக் கொப்பரை, ஆயிரக்கணக்கான கிலோ நெய், ஆயிரம் மீட்டர் காடாத் துணித் திரி. பதினொரு நாள் எரியும். அந்த மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பிறகு பிரசாதமாகக் கொடுப்பார்கள். ஆனால் கைக்குழந்தையையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு தீபத்தன்று கூட்டத்தில் புக வேண்டாம். பதினொரு நாளில் கூட்டம் குறைந்த ஒரு நாள் வந்தாலும் அதே ஜோதிதான் மலைமேல் எரியும்.

உச்சிக்கு ஏறுகிறேன் என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெங்கல் புயல் மழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதைந்துபோனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்துக்குப் பக்தர்கள் யாரையும் மலையேற விடவில்லை. மலை சாமிதான், ஆனாலும் அதன் மேல் மண்ணும் பாறையும் இருக்கின்றன என்பதை நாங்கள் மறக்க மாட்டோம்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

* விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். நின்று நிதானமாக நடந்தால் நாலைந்து மணி நேரம் ஆகும். வெயில் ஏறினால் தார் ரோடு வெறுங்காலைச் சுட்டுவிடும். பங்குனி முதல் ஆனி வரை இங்கே வெயில் கடுமை. மார்கழி, தை, மாசி சுகம்.

* சாலையின் இடது பக்கமாகவே நடப்பது வழக்கம். மலை எப்போதும் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும். காட்டுக்குள் போகும் உள்வழிப் பாதையில் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. முன்பின் தெரியாதவர் "மலையில் குகை காட்டுகிறேன்" என்று கூப்பிட்டால் போகவே போகாதீர்கள்.

* சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியது தெரியாது, புண் ஆறவும் நாளாகும். மெத்தென்ற செருப்புப் போட்டு நடங்கள், அல்லது ஆட்டோவில் சுற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். வெந்நீரில் கால் வைக்கும் முன் வேறொருவர் கையால் சூடு பார்க்கட்டும். மற்றவர்கள் தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அம்மா அப்படித்தான் நடந்தாள்.

* கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் நடக்க வேண்டாம். கைக்குழந்தைக்காரிகள் ஆட்டோவில் போய் லிங்கத்துக்கு லிங்கம் இறங்கிக் கும்பிடலாம். ஒரு தம்ளர் நீர்மோரில் உப்புப் போட்டு எடுத்துப் போங்கள். பழத்தைக் கையில் தெரியும்படி வைக்காதீர்கள், குரங்கு விடாது.

* கோயில் மதியம் நடை சாத்தும் நேரத்தை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலிலேயே அன்னதானம் உண்டு, சாப்பாட்டுக் கவலை வேண்டாம்.

* சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். திண்டிவனம், செஞ்சி வழியாக பஸ் ஏராளம். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிக்கொண்டிருந்த ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டித்திருக்கிறார்கள். தஞ்சை, திருச்சிப் பக்கத்தார் விழுப்புரம் வந்து மாறலாம்.

* இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் வழியிலேயே செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 2025-இல் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் சாத்தனூர் அணையும் அங்குள்ள முதலைப் பண்ணையும் பிடிக்கும். வாங்கிப் போக ஆரணிப் பட்டு, ஜவ்வாது மலைத் தேனும் சாமையும். சாமைப் பொங்கல் வயிற்றுக்கு லேசானது.

கடைசிக் காரணம்

அம்மா ஊருக்குக் கிளம்பும்போது அந்த மல்லாட்டைப் பொட்டலத்தின் மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். "அடுத்த மாசி வந்து ஒரே தவணையில முடிச்சுடறேன் பாரு" என்றாள்.

அடுத்த மாசியில் அம்மாவால் வர முடியவில்லை. இப்போது வாசல்படி இறங்கவே ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். போனில் பேசும்போது மருந்து சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன். "மலை எப்படி இருக்கு?" என்று அவள் கேட்பாள். நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மேகம் மூடியிருக்கிறதா, வெயில் அடிக்கிறதா என்று சொல்வேன்.

அதனால்தான் சொல்கிறேன், சகோதரிகளே. உங்கள் வீட்டிலும் அம்மாவோ, அத்தையோ, பெரியம்மாவோ எங்கேயாவது போக வேண்டும் என்று மனசில் வைத்திருப்பார்கள். அவர்களாக வாய் திறந்து கேட்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். பௌர்ணமி வரட்டும், தீபம் வரட்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போட்டால் அதுவரை முழங்கால் காத்திருக்காது. இரண்டு தவணையிலோ, ஆட்டோவிலோ, எப்படியாவது அழைத்து வந்துவிடுங்கள்.

நானும் இப்போது மாசத்துக்கு ஒரு புதன்கிழமை சுற்றி வருகிறேன். பௌர்ணமி விருந்தாளிகளுக்கு இட்லி உண்டு, குறை வைப்பதில்லை. ஆனால் புதன்கிழமை காலையில் மட்டும் எங்கள் வீட்டு அடுப்புக்கு லீவு. அன்று நீங்கள் வந்தால், காபி கிடைக்கப் பத்து மணி ஆகும். கூடவே நடந்து வருவதானால் சேர்ந்தே குடிக்கலாம்.